மேலகரம் தாண்டி

ஆமா தம்பி, நீங்க பாத்தது மேலகரம் போர்டுதான். எங்க வீடும் அங்கனதான், பஸ் ஸ்டாப்புல எறங்குனா ரெண்டாவது தெரு. தாண்டித்தான் வந்திருக்கோம். நாந்தான் இந்த ஆட்டோக்கார இசக்கிமணிகிட்ட, எங்கயும் நிறுத்தாம நேரா குத்தாலத்துக்கு விடுலேன்னு சொன்னேன். மலையாளத்து ஆளு, தமிழ் வாசிக்கவா போறாருன்னு நெனச்சேன். போர்டுல இங்கிலீசும் எழுதியிருக்கது எனக்கு நெனப்பு வரல பாத்துக்கிடுங்க.

பயப்படாதீங்க. எழுபத்துமூணு வயசுக் கெழவி ஒரு ஆம்பளையக் கடத்திட்டுப் போயி என்ன செய்யப் போறேன். இந்த பெஞ்சுல உக்காருங்க. இருங்க, ஈரமாக் கெடக்கு, தொடச்சு விடுதேன். ஒரு டீ சொல்லுதேன் ஒங்களுக்கு. எனக்கு வேண்டாம். இல்ல இல்ல, சுகரெல்லாம் ஒண்ணுமில்ல, இன்னைக்கு ஒண்ணும் எறங்கல, அம்புட்டுதான். நீங்க குடிங்க. புனலூர்ல இருந்து அந்த மலைய ஏறி எறங்கி ரயில்ல வந்திருக்கீங்க, என்னத்தத் தின்னீங்களோ.

ஏலே இசக்கிமணி, நீ எதுக்கு இங்கன மொறச்சுக்கிட்டு நிக்க. அங்கிட்டுப் போயி ஆட்டோவுக்குள்ள உக்காரு. கூப்பிட்டா வா.

அவன் ஒண்ணும் சொல்லல தம்பி, அவன் அப்படித்தான், வாய்க்குள்ளயே எதையாவது முனங்குவான். கொஞ்சம் சத்தமாத்தான் பேசணும் இங்கன. அருவி எரைச்சல் கேக்கீங்கள்லா. தண்ணி கூடிப்போச்சுன்னு போலீஸ்காரங்க காலைலயே கயித்தக் கட்டிட்டாங்க, ஒருத்தரையும் குளிக்க விடல. அதும் நல்லதுக்குத்தான். இல்லன்னா இந்தச் சாரலுக்கு உக்கார எடம் கெடைக்குமா.

நான் ஒலகம்மா. நேத்து சாயந்திரம் போன்ல ஒங்ககிட்டப் பேசுனது நாந்தான். சொக்கக்கா போனுதான் அது, அவ காய்ச்சலாப் படுத்திருந்தா, அதான் நான் எடுத்தேன். நானும் அவளும் ஓரகத்தி. அவ மூத்தவருக்கு வாக்கப்பட்டா, நான் எளையவருக்கு. ஒங்க அப்பா கோஷியோட அந்த குண்டு போடுத பிளேன்ல போன பால்வண்ணநாதன், எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கூடப் பொறந்த அண்ணன். நாங்க பெரியத்தான்னு சொல்லுவோம். ஒங்க அப்பா ஓட்டுனாக, பெரியத்தான் வழி சொன்னாக. அந்தப் பிளேன்ல ஆளே ரெண்டு பேருதான். எழுபத்தொண்ணு சண்டைல ரெண்டு பேரும் போனாக, வரல. பாருங்க, ஒங்களுக்குத் தெரியாததையா சொல்லுதேன். ஒங்க அம்ம வயித்துல இருந்தீங்க அப்போ, அப்படித்தானே.

நானும் பெரியத்தானப் பாத்தது கெடையாது. எழுபத்துநாலுலதான் எனக்குக் கல்யாணம். வீட்டுக்குள்ள போனதும் மொத போட்டோவுலதான் பாத்தேன். யூனிபார்ம் போட்டு, பிளேன் ரெக்கைல சாஞ்சுக்கிட்டு, பக்கத்துல ஒருத்தரு தோள்ல கையப் போட்டுட்டு நிப்பாரு. அது ஒங்க அப்பா. அந்தப் பக்கத்துல நிக்கவரு மூஞ்சி மேல எங்க நாத்தனா மூக்கம்மா மதினி ஒரு காலண்டர் தாள ஒட்டி வச்சிருந்தா. அதப் பெறவு சொல்லுதேன்.

அய்யோ, பையத் தெறக்காதீங்க தம்பி. தெறக்காதீங்க. இங்கன வேண்டாம். இல்ல, பாத்துட்டேன், பாத்துட்டேன், போதும், மூடுங்க. வெள்ளி இம்புட்டுக் கருத்துப் போகுமா. அம்பது வருசம் உப்புத்தண்ணிக்குள்ள கெடந்தா கருக்கத்தான் செய்யும். அதுல ஒரு சின்னத் தாயத்து தொங்குதா. ஆமா, அதேதான். பெரியத்தான் அரணாக்கொடிதான் அது. மூக்கம்மா மதினி தென்காசிக் கோயில்ல பூச வச்சு, அவ கையாலயே தம்பி இடுப்புல கட்டி அனுப்புனது. பட்டாளத்துக்குப் போனவன் அரணாக்கொடி கட்டுனா சிரிப்பானுவன்னு அவுக சொன்னாகளாம், இவ கேக்கல. ஒரு நூறு மட்டம் இந்தக் கதையக் கேட்டிருக்கேன் அவகிட்ட. இத அவ கண்ணுல ஒரு நிமிசம் காட்டுனாப் போதும், எலும்புக்கு டெஸ்ட்டே எடுக்க வேண்டாம்.

அதனாலதான் தம்பி ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தேன். நீங்க எங்க வீட்டுக்கு வரணும். கண்டிப்பா வரணும். ஆனா இன்னைக்கு அந்தச் சேதியச் சொல்லக்கூடாது. கடலுக்குள்ள பிளேன் கெடச்சுது, எலும்பு கெடச்சுது, அரணாக்கொடி கெடச்சுதுன்னு ஒரு வார்த்த வெளிய வரக்கூடாது. அந்தப் பையையும் தெறக்கக்கூடாது. இன்னைக்கு ஒரு நாளு மட்டும்.

எனக்குத் தெரியும். யூனிபார்ம்காரங்க ஜீப்ல வந்து எறங்குததுக்கு முன்ன நானே போயி நேர்ல சொல்லுதேன்னு அவுககிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க. நல்ல மனசு ஒங்களுக்கு. சொக்கக்காவுக்குத்தான் மொத தெரியணும்னு நேத்து சொன்னீங்கள்லா, சரின்னு நானும் வாங்கன்னுதான் சொன்னேன். அவளுக்கு உரிம இல்லன்னு இப்போ சொல்லுதேனா நான்? கேளுங்க, கோவப்படாதீங்க.

இருங்க, போன் அடிக்கி. எம் மகதான்.

சொல்லுட்டி உமா. ஆமா, வந்துட்டாரு. ரயில் கொஞ்சம் லேட்டு. இல்லட்டி, குத்தாலத்துல இருக்கோம். மதினி கேட்டாளா? தென்காசி வரைக்கும் போயிருக்கான்னு சொல்லு. எதுக்குன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. சேலையா? பீரோல்ல தேடாத, கட்டிலுக்கடில தகரப் பெட்டி இருக்கு, அதுல அடில அரக்குக்கரை போட்ட பட்டு. அதத்தான் எடுக்கணும், வேற எதையும் எடுத்துராத. சரி வையி.

ஒண்ணுமில்ல தம்பி, வீட்ல ஆளு கூடியிருக்கு. எங்க சொந்தத்துல பாதிப்பேரு அங்கனதான் இருக்காக. கடையநல்லூர்ல இருந்து, ராயகிரில இருந்தெல்லாம் வந்திருக்காக. அதனாலதான் சொல்லுதேன். நீங்க உள்ள நொழஞ்சதும் அத்தன கண்ணும் ஒங்க பையத்தான் பாக்கும்.

மூக்கம்மா மதினி யாருன்னா, பெரியத்தானுக்கு அக்கா. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் அக்காதான். இப்போ எம்பத்திரண்டு வயசு. கண்ணு கொறஞ்சிருச்சு, காது கொறஞ்சிருச்சு, வாய் மட்டும் கொறையல. தாயில்லாப் பிள்ளைகள இவதான் வளத்தா. அதனால தம்பின்னா உசுரு. தந்தி வந்த அன்னைக்கு, ஆளக் காணலன்னுதான் அதுல போட்டிருந்துது. இவ அன்னைக்கே மாரடிச்சு அழுதுட்டா. சொக்கக்கா அழல. காணலன்னுதானே சொல்லியிருக்கு, தேடட்டும்னு சொல்லிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. டீச்சர் அவ. இருவது வயசு அப்போ. கல்யாணமாகி ஒரு வருசம், அதுல சேந்து இருந்தது லீவுல வந்த நாளு மட்டும்தான்.

அங்கன பிடிச்ச சண்ட தம்பி, இன்னும் ஓயல. மதினி சொல்லுவா, என் தம்பி செத்துட்டான், அவனுக்கு ஒரு உருண்டச் சோறு வைக்க விடுங்கன்னு. அக்கா சொல்லுவா, யாரு பாத்தா செத்தத, பாத்தவுக வந்து சொல்லட்டும்னு. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ரெண்டு அடுப்பு போட்டுச் சமைச்சாக. நான் ரெண்டு எடத்துலயும் சாப்பிடுவேன்.

மதினி சொன்னதுலயும் ஞாயம் இருக்குல்லா. செத்த பிள்ளைக்குத் திதி இல்ல, ஆடி அமாவாசைக்கு எள்ளுந்தண்ணி இல்ல. ஊர்ல அத்தன பேரும் இங்கன படித்தொறைல வந்து தர்ப்பணம் குடுத்துட்டுப் போவாக, இவ வீட்டுக்குள்ள உக்காந்து, எந் தம்பி எங்கன பசியோட அலையுதானோன்னு பொலம்புவா. நம்ம மனசு கேக்காது. ஆனா அந்தக் காரியத்தச் செய்யணும்னா சொக்கக்காவ உக்கார வச்சுத் தாலிய எறக்கணும், பொட்ட அழிக்கணும். அதுக்கு அவ சம்மதிக்கல.

ஒருக்கா செஞ்சே புடுவோம்னு எறங்கிட்டாக. எங்க மாமனார் தாணுமாலயன் பிள்ளை வாயத் தெறந்து பேசாத மனுசன், அவரையே மதினி கரைச்சுட்டா. ஒடம்பு கெடைக்காதவுகளுக்குப் புரச எலைல ஆள் மாதிரி செஞ்சு எரிப்பாகல்லா, ஒங்கள்ல கெடையாது, எங்கள்ல உண்டு. அந்தா தெரியுதுல்லா, அந்தப் படித்தொறைக்குக் கீழ்ப்பக்கம்தான். ஐயரு வந்து எலையப் பரப்பி, கையி, காலு, நெஞ்சுன்னு அடுக்கி, தலைக்கு ஒரு தேங்காய வச்சாச்சு. எனக்குக் கல்யாணமாகி ரெண்டு மூணு வருசம் இருக்கும், உமா கைக்கொழந்த. நான் தூரத்துல நிக்கேன். சொக்கக்காவுக்குச் சொல்லாமலே கொண்டாந்திருந்தாக, யாரோ பள்ளிக்கூடத்துல போயிச் சொல்லிட்டாக. நேரா வந்துட்டா, கைல சாக்பீஸ் தூசியோட.

வந்து அழுவா, கத்துவான்னு எல்லாரும் பாக்கோம். அவ அந்த எலையச் சுத்தி ஒரு நட நடந்துட்டு, மாமாகிட்ட மெதுவாக் கேக்கா, இது யாரு மாமான்னு. அவுக இதவிட ஒசரம்லா, அப்படின்னா. ஐயருக்கு வேற வழி தெரியல, சமாதானம் சொல்லுதாரு. பயப்படாதம்மா, ஒருவேள அவரு உசுரோட திரும்பி வந்துட்டாலும் அதுக்குச் சாஸ்திரத்துல வழி இருக்கு, புதுசாப் பொறந்த பிள்ளைக்குச் செய்யுத மாதிரி எல்லாச் சடங்கும் செஞ்சு, பேரு வச்சு, ஒன்னையே திரும்பக் கல்யாணம் பண்ணிவச்சிருவோம்னு. அக்கா சொன்னா, மொதக் கல்யாணத்துக்கே அவுகளுக்கு லீவு கெடைக்கல சாமின்னு.

சிரிக்கீங்களா. நாங்களும் சிரிச்சோம். மாமாவும் சிரிச்சிட்டாக, சிரிச்சுக்கிட்டே அழுதாக. பெறவு அவுகளே குனிஞ்சு எலைய அள்ளி ஆத்துல விட்டுட்டாக. மதினி தலைல அடிச்சுக்கிட்டு ஓடி வந்து தண்ணிக்குள்ள எறங்கிட்டா அந்த எலையப் பிடிக்க. நாலு பேரு இழுத்துட்டு வந்தோம். ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தேன் தம்பி அன்னைக்கு. யாரு பக்கம் பேசன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

டீ ஆறிருச்சா. இன்னொண்ணு சொல்லவா. சரி.

ஒங்க அப்பா மூஞ்சில தாள் ஒட்டுன கதையா. சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடாதீங்க. சண்ட முடிஞ்சு பெரியத்தானோட வேல பாத்த ஆபீசர் ஒருத்தரு வீட்டுக்கு வந்தாராம். மாமாகிட்ட எல்லாத்தையும் வெவரமாச் சொல்லியிருக்காரு. அந்தப் பிளேன்ல ஓட்டுதவருக்கு மட்டும்தான் தப்பிக்க சீட்டு உண்டாம். ஒரு கைப்பிடிய இழுத்தா சீட்டோட மேல தூக்கி எறிஞ்சிருமாம். வழி சொல்லுதவருக்கு அது கெடையாது. அவரு முன்னால பிளேன் மூக்குக்குள்ள போயி குப்புறப் படுத்துக் கீழ பாக்கணும், அடிபட்டா ஊந்து வந்து பக்கத்துக் கதவத் தெறந்து தானாக் குதிக்கணும். தாழப் பறக்கும்போது அதுக்கெல்லாம் எங்க நேரம். இத ஏன் அந்த மனுசன் சொன்னாரோ தெரியல, உண்மையச் சொல்லணும்னு நெனச்சிருப்பாரு.

மதினி அதப் பிடிச்சுக்கிட்டா. ஓட்டுனவன் இழுத்துட்டுப் போயிருப்பான், எந் தம்பிய விட்டுட்டுப் போயிட்டான்னு. புனலூர்க்காரன் எங்கயோ உசுரோட இருக்கான்னு. ஒங்க அப்பா பேரச் சொல்ல மாட்டா, புனலூர்க்காரன்தான். ஒரு வெள்ளி, செவ்வா விடாம சாபம் குடுப்பா. நானும் நம்புனேன் தம்பி, பொய் சொல்லக்கூடாது. சொக்கக்கா மட்டும் நம்பல. போட்டோவுல இருந்து அந்தத் தாளக் கிழிப்பா, அவ ஒட்டுவா, இவ கிழிப்பா.

ஒங்க அம்மைக்கும் அக்காவுக்கும் உள்ள பழக்கம் தெரியும்லா ஒங்களுக்கு. டிசம்பர் மாசம் வந்தா ஒருக்கா போன் வரும். அந்தம்மா மலையாளத்துல பேசுவாக, இவ தமிழ்ல பேசுவா. என்ன பேசுவாகன்னு காத வச்சுக் கேட்டிருக்கேன். மீன்கொழம்புக்குக் கொடம்புளி எம்புட்டுப் போடணும், நேந்திரங்காய எப்படி நறுக்கணும், இதுதான். அரை மணி நேரம் இதையே பேசுவாக. பிளேன்ல போனவுக ரெண்டு பேரு பேரும் ஒரு தடவகூட வராது. சைவப் பிள்ளமார் வீட்ல மீன்கொழம்பக் கேட்டு என்னக்கா செய்யப் போறன்னு நான் கேட்டா, சும்மா இருட்டின்னுவா. ஒங்க அம்மா தவறிப்போன வருசம் டிசம்பர்ல போன் வரல. இவ அந்த மாசம் முழுக்கப் போனக் கைலயே வச்சிருந்தா.

என்ன சொல்லுதீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அருவி எரைச்சல்ல கேக்கல.

சீட்டு அப்படியே இருந்துதா?

இழுக்கவே இல்லையா?

இருங்க. கொஞ்சம் இருங்க தம்பி. ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா கெடந்தாக? கையெட்டுத தூரத்துலயா.

நேரம் இருந்திருக்காதுன்னு சொல்லுதீங்க. இருக்கலாம். அடிபட்டதும் தண்ணில விழுந்திருக்கலாம். இழுக்க நேரம் இல்லாம இழுக்கலையா, இழுக்க மனசில்லாம இழுக்கலையா, அது அந்தக் கடலுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் சேந்து கெடந்தாகல்லா. எனக்கு அது போதும். அம்பது வருசம் ஒங்க அப்பாவ எங்க வீட்ல திட்டியிருக்கோம் தம்பி. திட்டுன சோத்தத் தின்னு வளந்தவ எம் மக. இத சொக்கக்கா காதால கேட்டிருக்கணும். அவ சொன்னது சரிதான்னு நான் அவகிட்டச் சொல்லியிருக்கணும்.

இந்தா, திரும்ப அடிக்கி. சொல்லுட்டி. பூ வந்துட்டா? மல்லி இல்லன்னா பிச்சி வாங்கச் சொல்லு, கனகாம்பரம் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. யாரு, மதினியா? என்ன சொல்லுதா? எதுக்குப் பூவுன்னா கேக்கா? நீ ஒண்ணும் பதில் பேசாத. பங்காளிக எல்லாரும் சரின்னு சொல்லியாச்சுல்லா, அவ மட்டும்தானே. ஒன் வேலையப் பாரு. நான் வந்துருதேன்.

இல்ல தம்பி, கல்யாணமெல்லாம் இல்ல. எங்க வீட்ல கடைசிக் கல்யாணம் இந்த உமாவுக்குத்தான். அப்போ நடந்ததச் சொல்லுதேன் கேளுங்க. எங்க வீட்டுக்காரவுக அதுக்கு நாலு வருசம் முன்னாடியே நெஞ்சுவலில போயிட்டாக. நான் அறுதலி, மணவறைக்குப் பக்கத்துல நிக்கக்கூடாது. சொக்கக்காதான் விளக்கேத்துனா, அவதான் பொண்ணுக்குத் தாயா நின்னு எல்லாம் செஞ்சா. பத்திரிகைல பால்வண்ணநாதன், சொக்கம்மாள்னு ரெண்டு பேரு பேரையும் போட்டோம். எங்க வீட்டுக்காரவுக பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு வந்துது, பெரியத்தான் பேருக்கு முன்னால ஒண்ணும் இல்ல. மதினி பத்திரிகையச் சுக்குநூறாக் கிழிச்சு முத்தத்துல எறிஞ்சா.

எனக்குப் பொறாம இல்லையான்னு கேட்டீங்கன்னா, இருந்துது. ஏன் இல்லாம. அவ புருசனும் இல்ல, எம் புருசனும் இல்ல. அவ பட்டு உடுத்தி முன்வரிசைல நிக்கா, நான் அடுப்படில பாயாசம் கிண்டுதேன். எம் மக கழுத்துல தாலி ஏறுதத ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். எரியத்தான் செஞ்சுது. ஆனா அவ மேல எரியல, பாத்துக்கிடுங்க. அது ஏன்னா, எங்க வீட்டுக்காரவுக பதினாறாம் நாளு என்னைய உக்கார வச்சு எல்லாத்தையும் எடுத்தாகல்லா, அன்னைக்குச் சுமங்கலி யாரும் அந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. அறுதலிக மட்டும் சுத்தி உக்காந்திருக்காக, மதினிதான் தல. வளையல ஒடைக்கப் போற நேரம் சொக்கக்கா கதவத் தெறந்துட்டு வந்தா, நெத்தி நெறையக் குங்குமத்தோட. மதினி, ஏட்டி நீ இங்கன வரக்கூடாதுன்னு சத்தம் போடுதா. அக்கா சொன்னா, நீங்கதானே என்னைய இருவத்தஞ்சு வருசமா அறுதலின்னு சொல்லுதீங்க, அப்போ எனக்கும் இங்கன எடம் உண்டுல்லா, தள்ளி உக்காருங்கன்னு. எம் பக்கத்துல உக்காந்து என் ரெண்டு கையையும் அவ மடிக்குள்ள வச்சுக்கிட்டா. வளையல ஒடைக்க விடல, அவளே ஒண்ணொண்ணாக் கழட்டுனா, கீறாம.

அன்னைக்குச் சாயந்திரம்தான் கேட்டேன். ஏங்க்கா, அவுக வருவாகன்னு நெசமாவே நம்புதியான்னு. அவ என்ன சொன்னா தெரியுமா. செத்துட்டாகன்னு எனக்குத் தெரியாதாட்டி ஒலகு, மொத மாசமே தெரியும். செத்தது அவுக, அதுக்கு என்னைய எதுக்கு உக்கார வச்சு அழிக்கணும், அப்படின்னா. இத நான் இதுவர ஒருத்தருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டத்தான் சொல்லுதேன்.

அதான் கேக்கேன். சேதி ஓடியா போகப் போகுது. பதினாறு கழியட்டும், நானே மதினி கையப் பிடிச்சு அந்த அரணாக்கொடிய அதுல வைக்கேன். அவளும் பாவம்தான். அவ தம்பிக்கு இந்தப் படித்தொறைலயே வச்சு எல்லாம் செய்யட்டும், நீங்களும் வாங்க, ஒங்க அப்பாவுக்கும் சேத்து ஒரு கை எள்ளுந்தண்ணி விடச் சொல்லுதேன், ஒங்க சர்ச்சுல தப்பில்லன்னா. அவ பெத்த பிள்ள மாதிரி வளத்தவன், அவளுக்குத் தெரியத்தான் வேணும். ஆனா இன்னைக்கு வேண்டாம்.

எதுல இருந்து பதினாறான்னா, இருங்க, உமாதான். ம். ம். சரிட்டி. தல சீவியாச்சா. பொட்டு நல்லாப் பெருசா வையி. சரி, வாரோம்.

கெளம்புங்க தம்பி. குளிப்பாட்டி, சேல மாத்தி, பூ வச்சாச்சாம். இனி நம்ம உள்ள போலாம்.

யாரையா? சொக்கக்காவத்தான். விடியக்காலம் போயிட்டா. நேத்து காய்ச்சல்னு படுத்தவதான், ஒரு சத்தம் இல்ல, நான் காப்பியக் கொண்டு போறேன், கை குளுந்து கெடக்கு. ஒங்களுக்கு அப்பவே போன் போட்டேன், நீங்க மலைக்குள்ள வந்துட்டிருந்தீங்க, லைன் கெடைக்கல. சுமங்கலியக் குளிப்பாட்டுத எடத்துல அறுதலிக்குச் சோலி இல்லல்லா, வீட்ல அத்தன பேருல எனக்கு ஒருத்திக்குத்தான் வேல இல்ல. அதான் நானே ஸ்டேசனுக்கு வந்துட்டேன். போகும்போது பூவோட போகணும் ஒலகு, யாரையும் அழிக்க விட்டுராதன்னு கேட்டிருந்தா.

கண்ணத் தொடச்சுக்கோங்க. மதினி வாசல்லயேதான் நாற்காலி போட்டு உக்காந்திருப்பா. நீங்க யாருன்னு கேப்பா, புனலூர்க் கோஷி மகன்னே சொல்லுங்க, மறைக்க வேண்டாம். கையப் பிடிச்சுக்கிட்டு எந் தம்பி எங்கன்னு கேப்பா, யாரு வந்தாலும் அதத்தான் கேப்பா. தெரியலம்மான்னு சொல்லிருங்க. இந்த ஒரு தடவ மட்டும். அஞ்சு மணிக்கு எடுக்காக.